தறிக்குழி இருந்த வீட்டுக்காரர்கள் தட்சிணசித்திரா போனபோது

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிற பழைய வீடுகளின் அருங்காட்சியகம் தட்சிணசித்திரா. அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து யாரும் அதற்கென்று தனியாகக் கிளம்புவதில்லை. சென்னையில் கல்யாணம், ஆஸ்பத்திரி, பையனுக்கு இன்டர்வியூ என்று போகிற இடத்தில் "அப்படியே ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிடைத்த நாளில் போகிறவர்கள்தான் அதிகம். நாங்களும் ஒரு கல்யாணத்துக்குப் போனவர்கள்தான். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிவதற்கு முன்னாலேயே சென்ட்ரலில் இறக்கி விட்டுவிடும். தட்சிணசித்திராவைத் திறப்பதோ காலை பத்து மணிக்கு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் நடுவில் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ள ஓரிடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகிற பேருந்தில் ஏற வேண்டும். முட்டுக்காட்டில் இறங்க வேண்டும்.

போனது நான், அம்மா, என் அண்ணன் மகள். எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். முன்பக்க ஆசாரத்தில், அதாவது கூடத்தில், குழித்தறி (தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி) போட்ட வீடு. அப்பாவுக்குப் பிறகு அந்தத் தறி ஓடவில்லை. குழிமேல் பலகை போட்டு அரிசி மூட்டை அடுக்கியிருந்தோம். அந்த வீட்டை அண்ணன் இடித்துக் கட்டுவது என்று முடிவாகி, பிளான் போட்டு, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் இந்தப் பயணம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தென்னிந்தியாவில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, கல்லையும் மரத்தையும் ஓட்டையும் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவேலைக்காரர்களை வைத்தே திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. பொதுமக்களுக்குத் திறந்தது 1996 டிசம்பரில். சுமார் 10 ஏக்கர், 18 வீடுகள். வளாக அமைப்பில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. கட்டி முடித்தவர் பென்னி குரியகோஸ். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று நான்கு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பதினெட்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். ஐந்தாறு வீடு போதும். அதற்கு மேல் போனால் எந்தத் தூண் எந்த வீட்டுத் தூண் என்பதே மறந்துவிடும். கடற்கரை ஊர் வேறு; வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். காலையில் இரண்டு மணி நேரம், சாப்பாடு, அப்புறம் நிழலான ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஓய்வு, மூன்று மணிக்கு மேல் மிச்சம். இந்தக் கணக்கு அம்மாவின் முழங்காலுக்கும் சரிப்பட்டது, பிள்ளையின் பொறுமைக்கும் சரிப்பட்டது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. "எல்லாத்தையும் நல்லா பாரு" என்று சொன்னால் அவர்கள் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். நான் அவள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து ஒரே கேள்விதான் கேட்டேன்: இந்த வீட்டில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது? அவ்வளவுதான், கண் தானாகவே மேலே போய்விட்டது. செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்குவதைப் படம் வரைந்தாள். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் இறவாரம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு தாழ்ந்திருந்தது. "இங்க தண்ணி உள்ள வரவே கூடாதுன்னு நெனச்சிருக்காங்க அத்தை" என்றாள். விசாகப்பட்டினம் பக்கத்து மண் வீடு வட்டமாக இருந்தது. புயலடிக்கிற கரை, காற்று மோத மூலை இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். இதை நாங்கள் சொல்லித் தரவில்லை. மூன்று வீட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவளே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள்.

அந்தக் கேரள வீட்டில் இன்னொரு விஷயம். நெல் வைக்கிற மரப்பெட்டகம் வீட்டுக்கு நடுநாயகமாக இருக்கிறது. சாமி படம் வைக்க வேண்டிய இடத்தில் நெல். அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பலா மரமா, தேக்கா?" என்று கேட்டாள். தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரிலிருந்து வந்த அக்ரஹாரத்து வீடும் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பிரியாணி ஆம்பூர் இல்லை, வேறு ஆம்பூர். சேலத்திலும் முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம் என்று தெருக்கள் இருப்பதால் எங்களுக்கு அந்த அமைப்பு பழக்கம்தான். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவரும். ஜன்னல் வைக்கப் பக்கவாட்டில் இடமே கிடையாது, அதனால்தான் நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம்.

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. அதுவரை எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தவள் முன்னால் போய்விட்டாள். தறியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து குழியைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். (தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுகிற நூல் ஊடை.)

"ஊடை அறுந்தா அந்த நிமிஷமே கண்ணுக்குத் தெரியணும். அதுக்குத்தான் தறி போடறதுக்கு முன்ன வெளிச்சம் பாக்கறது. வீட்டுக்கு வாசல் எங்கன்னு அப்பறந்தான் யோசிப்பாங்க."

"ஏன் அப்பாயி குழி தோண்டணும்? ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தா ஆகாதா?"

"மிதி மிதிக்கக் காலுக்கு எடம் வேணுமில்ல கண்ணு. அதும் போக, பாவு தரையோட ஒட்டுனாப்பல இருந்தா மண்ணு ஈரம் நூலுக்குக் கெடைக்கும். பங்குனி சித்திரையில மேல கட்டுன தறியில நூலு பட்டுப் பட்டுன்னு அறும். குழித்தறியில அவ்வளவு அறாது."

அதே மண் ஈரம் ஐப்பசி கார்த்திகையில் எமனாக மாறுவதையும் அவளே சொன்னாள். குழியில் தண்ணீர் ஊறிவிடும். பாவு நமுத்துப்போகும், தறி நிற்கும், தறி நின்றால் கூலி இல்லை. தீபாவளிக்கு ஊரெல்லாம் பட்டு உடுத்துகிற மாசத்தில் நெய்கிறவன் வீட்டில் கடன்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் வரிக்கு வரி கோர்த்து நெய்ய வேண்டும். அதற்குத் தறியில் உட்காருபவர் ஒருவர் போதாது. கரைப் பக்கத்து நாடாவை (ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடுகிற கட்டை) தள்ள ஓரத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். எங்கள் ஊர்ப் பக்கம் வேட்டி, அங்கவஸ்திரம் நெய்கிற தறிகளும் உண்டு, அதற்கு இந்தப் பாடு கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை எனக்கும் அண்ணனுக்கும் இருந்தது. ஒரு தார் இளகலாகச் சுற்றியிருந்தால் நாடாவுக்குள் சிக்கிக்கொண்டு அப்பாவின் கை நின்றுபோகும். அந்தச் சத்தம் நிற்பதை வைத்தே யார் சுற்றிய தார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அந்த வீட்டை முழுதாகப் பார்த்து முடித்தபின் அம்மா சொன்னது: "வீடு நல்லாத்தான் இருக்குது. ஆனா தெரு எங்க?"

எனக்கு உடனே புரியவில்லை. நெசவாளர் வீட்டின் பாதி வேலை தெருவில்தான் நடக்கும். பாவு ஆத்துவது அங்கேதான். வெயில் ஏறுவதற்குள் விடியற்காலையில் தெரு நீளத்துக்குக் கவைக்கொம்புகளை நிறுத்தி, பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை எல்லாம் முடிபோட்டு, காயவிட்டுச் சுருட்ட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் வந்து கைகொடுத்தால்தான் முடியும். அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போக வேண்டும். அதனால்தான் நெசவாளர் தெருக்கள் நேராக, நீளமாக, வாசலுக்கு வாசல் பார்த்தபடி இருக்கின்றன. வீட்டை எண் போட்டுப் பிரித்து லாரியில் ஏற்றிவிடலாம். தெருவை எப்படி ஏற்றுவது?

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த இடம் இல்லையென்றால் அந்த வீடும் இருந்திருக்காது. ஆனால் எந்த வீட்டு அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அங்கே சமையலறை இருக்கும், சுவரில் கரி இருக்காது. தொட்டில் கட்டுகிற வளையம் இருக்கும், தறியில் உட்கார்ந்தபடியே கால் பெருவிரலில் கயிற்றைக் கட்டித் தொட்டிலை ஆட்டிய பொம்பளை இருக்க மாட்டாள். அந்த மிச்சத்தைச் சொல்ல, அப்படிப்பட்ட வீட்டில் இருந்த ஒருத்தரைக் கூடவே கூட்டிப் போக வேண்டும். கைடு சொல்வதையும் கேளுங்கள், பலகையில் எழுதியிருப்பதையும் படியுங்கள். ஆனால் உங்கள் அம்மாவோ மாமியாரோ பெரியப்பாவோ கூட இருந்தால் அந்த வீடு பேசுகிற பேச்சே வேறு. அம்மா பேசப் பேச, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

சென்னையிலிருந்து திரும்பியபின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டை இடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது, மழைக்குப் பின்பக்கச் சுவர் உள்வாங்கிக்கொண்டிருந்தது, பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) கக்கூஸுக்குப் போகும் வழியில் அம்மா வழுக்கி விழுந்திருக்கிறாள். பழைய வீட்டில் குடியிருக்காதவர்கள் அதைக் காப்பாற்றச் சொல்வது எளிது. நாங்கள் செய்தது வேறு. இடிக்கும் முன்னால் வீட்டை எழுதி வைத்துக்கொண்டோம்.

அண்ணன் மகளும் நானும் டேப் வைத்து ஒவ்வொரு அறையையும் அளந்தோம். கிராஃப் நோட்டில் ஒரு கட்டம் ஒரு அடி. வாசல் நிலை உயரம், திண்ணை உயரம், குழியின் நீளம், அகலம், ஆழம். அதன் பிறகு அம்மாவை ஒவ்வொரு அறையிலும் நிற்க வைத்துப் பேசச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தோம். இதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். "அந்தக் காலத்துல எப்படி இருந்தது?" என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். "சாயங்காலம் விளக்கை எங்க வைப்பீங்க?", "பிரசவம் எந்த ரூம்ல?", "விருந்தாளி வந்தா தறிகாரர் எங்க படுப்பார்?" என்று கேளுங்கள். விளக்குக் கேள்விக்கு மட்டுமே அம்மா வெகுநேரம் பேசினாள். மாடத்தில் ஒன்று, தறிக்கு மேலே ஒன்று, இரண்டாவதை ஏற்றுவது எண்ணெய் விலையைப் பொறுத்தது என்று. வீடியோ எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு பாதிதான் கேட்கும்.

மரம் விஷயம். வீடு இடிக்கப் போவது தெரிந்தால் பழைய மரம் வாங்குகிறவர்கள் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். நிலை, கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை சொல்வார்கள். மொத்த விலைக்குப் பேசவே பேசாதீர்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் வீட்டுக்குள் முடிவு செய்துவிட்டு, வேண்டாததற்கு மட்டும் விலை கேளுங்கள். நாங்கள் வாசல் நிலையையும் கதவையும் வைத்துக்கொண்டோம். பழைய நிலை குள்ளம். அண்ணன் தலை இடிக்கும். புது வீட்டு வாசலுக்குப் பொருந்தாது என்றதும் ஆசாரிதான் பூஜை அறைக்கு வைக்கலாம் என்று வழி சொன்னார். அங்கே எல்லோரும் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது, யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நிலையின் அடிப்பக்கம் கரையான் அரித்திருந்தது, அதை வெட்டி வேறு மரம் சேர்த்தார். வேலை முடியும்வரை மரத்தை வெறும் தரையில் போடாமல் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தி வைத்திருந்தோம். மழையும் கரையானும் ஒரே மாதத்தில் வேலையைக் காட்டிவிடும்.

தறிச் சாமான்களில் அச்சையும் நாடாக்களையும் மட்டும் வைத்திருக்கிறோம். விழுதை எலி கடித்திருந்தது. படைமரத்தை இரண்டு தெரு தள்ளி இன்னும் நெய்துகொண்டிருக்கும் ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டோம். பரணில் கிடப்பதைவிட அங்கே ஓடட்டும்.

சேலத்தில் இப்படி ஓர் இடம் வேண்டும் என்று நண்பர்களிடம் சொன்னால், ஏக்கர் கணக்கில் நிலம், கோடிக்கணக்கில் பணம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அவ்வளவு பெரிதாகத் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. அம்மாப்பேட்டையிலோ குகையிலோ பொன்னம்மாப்பேட்டையிலோ ஒரே ஒரு வீடு, அது நிற்கிற தெருவிலேயே, ஓடுகிற தறியோடு. நெய்கிறவருக்கு மாதச் சம்பளம். வாரத்தில் ஒரு நாள் காலையில் தெருவில் பாவு. தட்சிணசித்திராவால் செய்ய முடியாததை அந்த ஒரு வீடு செய்துவிடும்.

அதுவரை சேலத்துக்காரர்கள் போய்ப் பார்க்க ஒரு வீடு சொல்லட்டுமா? ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ஊர். அவர் வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலும் அவர் காலத்தில் அது சேலம் ஜில்லா. 1965-இல் தருமபுரி பிரிந்து, அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. அவர் 1900-இல் வக்கீல் தொழில் தொடங்கியது நம் சேலத்தில்தான், 1917-இல் நகராட்சித் தலைவரானதும் இங்கேதான். முதலமைச்சராக 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் ஜில்லாவில். கவர்னர் ஜெனரலாக இருந்தவர் பிறந்த வீடு என்று பெரிதாக நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். ஓட்டுக்கூரை போட்ட சின்ன வீடு. அங்கே போகிறவர்கள் நேராகச் சுவரில் மாட்டிய போட்டோக்களுக்குப் போய்விடுகிறார்கள். போட்டோக்களை வேறெங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டைப் பாருங்கள். அங்கேயும் அதே தெருக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டைச் சுற்றிக் கிராமம் கிராமமாகவே இருப்பதால், இங்கே பதில் கிடைக்கும். கிளம்புமுன் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. நினைவு இல்லங்கள் ஊருக்கு ஊர் மாறும்.

ஏற்காட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்த காலத்திலிருந்து மலையில் துரைமார் பங்களாக்கள் எழுந்தன. அவற்றில் பல தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கின்றன, கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அதற்கும் முன்னாலிருந்து ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளி என்கிற பழங்குடி மக்கள்; கேரளத்து மலையாளிகள் இல்லை. மூங்கில் தப்பைக்கு மண் பூசிய சுவர், மேலே புல் வேய்ந்த கூரை என்பது அவர்கள் பழைய வீடு. இப்போது பெரும்பாலும் கான்கிரீட். அபூர்வமாகத் தட்டுப்படும் பழைய வீட்டைப் பார்த்ததும் காரை நிறுத்தி போனை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது அருங்காட்சியகம் இல்லை, உள்ளே யாரோ சோறாக்கிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நின்று குரல் கொடுங்கள். வரச் சொன்னால் மட்டும் போங்கள். போட்டோ எடுக்கக் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டுப் போன வீட்டில் அம்மாவும் அந்த வீட்டம்மாவும் கூரைப் புல்லை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது, அந்தப் புல் இப்போது எங்கே கிடைக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் மகள் நோட்டை எடுத்து, மழைத்தண்ணி எங்கே போகும் என்று அவரிடமும் கேட்டாள்.

"எங்க போவும்? பாதி உள்ளதான் வரும்" என்றார் அவர். சர்க்காரில் வீடு சாங்ஷன் ஆகியிருக்கிறதாம், தை பிறந்ததும் பிரிக்கப்போகிறார்களாம். டேப்பை நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்தோம். அளந்துகொள்ளலாமா என்று கேட்டோம், சரி என்றார்.